பூஞ்சை நகராது

விஜயநகர், மைசூர்
6.1.2025

அண்ணனுக்கு,

ஸ்ரீதேவி எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் இருக்கிறோம். அவருக்கு இந்த வாரம் மதிய ஷிப்ட். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

ஷூட்டிங் முடியும்வரை டவர் இருக்காது என்று நீ சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் நிம்மதி போல ஒன்று. போனில் நாம் இருவரும் 'அப்புறம்', 'அப்புறம்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். காகிதத்தில் 'அப்புறம்' என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

உங்கள் யூனிட் டிரைவர் கெம்பையன் வேனில் பெட்டி வருகிறது. ஆறு லென்ஸ்கள். 24, 28, 35, 50, 85, 135 மில்லிமீட்டர். எழுபதுகளில் ஜப்பானில் ஸ்டில் காமிராவுக்காகச் செய்தவை. ஸாரங்க் சார் கேட்டதாக நீ சொன்னபடி சினிமாவுக்கு மாற்றியிருக்கிறேன். அப்பர்ச்சர் வளையம் இனி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஃபோகஸ் வளையத்தைச் சுற்றிக் கியர் போட்டாயிற்று. முன்பு கால் வட்டம் திரும்பியது இப்போது முக்கால் வட்டம் திரும்பும். அதனால் ஆறடிக்கும் ஏழடிக்கும் நடுவே உன் கைக்கு இடம் கிடைக்கும். தூரம் காட்டும் எண்களைப் புதிதாக வெட்டினேன். பின்பக்கம் பித்தளை வளையங்கள் இருக்கின்றன, முடியை விட மெல்லியவை. அவற்றை யாரும் தொட வேண்டாம். அவை மாறினால் எண்கள் எல்லாம் பொய்.

வியாழக்கிழமை அம்மாவின் இரண்டாவது திதி. படையல் போட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். பிறகு பாத்திரம் கழுவினேன்.

அம்மாவுக்கு நாற்பதில் சுகர் தொடங்கியது. உனக்கு நாற்பத்தொன்று. ரத்தம் பார்த்தாயா?

ஸ்ரீதேவி


கோபிநத்தம்
15.1.2025

அம்மிணி ஸ்ரீதேவிக்கு,

அண்ணன் சுரேந்தர், உயிரோடுதான் இருக்கிறேன். களி தின்று தின்று என் நிறமே மாறிவிட்டது. மாப்பிள்ளைக்குச் சங்கராந்தி வாழ்த்துச் சொல்.

பெட்டி பத்திரமாக வந்தது. ஸாரங்க் சாரை உனக்குத் தெரியாது. பெரிய ஒளிப்பதிவாளர், மேலுகோட்டைக்காரர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசுவார். 85-ஐ மாட்டிக் கதாநாயகியின் முகத்தைப் பார்த்தார். தலையை எடுக்கவே இல்லை.

"யாரு பண்ணினது?" என்றார்.

"என் தங்கச்சி சார்."

"தங்கையா?"

"டூல் ரூம் டிப்ளமோ சார். லேத்தப் பாத்துட்டா எங்களயெல்லாம் மறந்துருவா."

அடுத்த படத்துக்குப் பன்னிரண்டு லென்ஸ் உன்னிடமே தருவதாகச் சொன்னார். பத்து வார்த்தையில் இது எத்தனை என்று எண்ணிக்கொள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு என் வேலையை விளக்க முடியவில்லை. காமிரா பிடிப்பவர் ஒருவர், ஆள் நடக்க நடக்க வளையத்தைத் திருப்பி முகத்தைத் தெளிவாக வைத்திருப்பவன் இன்னொருவன், ஃபோகஸ் புல்லர் என்கிற அந்த இன்னொருவன் நான் என்று சொன்னேன். சமைக்க வரும் தேவம்மா சொல்கிறாள்: "பக்கத்துல நிக்கற புள்ளைய டேப்பு வெச்சு அளக்கறீங்களே, ஏனுங், கண்ணு தெரியாதுங்களா?" யூனிட்டே சிரித்தது. நானும்.

ஒரு விஷயம். எண்களைக் கொஞ்சம் பெரிதாக வெட்டித் தர முடியுமா? ஆற்றோரம் மரநிழல் அதிகம். வெள்ளை மையும் இன்னும் அழுத்தமாக.

அண்ணன்


மைசூர்
24.1.2025

அண்ணனுக்கு,

எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றும் இல்லை. கீழ் வீட்டு கௌரம்மா சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்தார். உன் பங்கை ஒரு பொட்டலமாக வைத்தேன். பிறகு யோசித்து வெளியே எடுத்துவிட்டேன். நீ இன்னும் நான் கேட்டதற்கு எழுதவில்லை.

நான் வெட்டிய எண்கள் மூன்று மில்லிமீட்டர். எல்லோரும் அந்த அளவில்தான் படிக்கிறார்கள். போன வருஷம் நீயும் படித்தாய். இப்போது ஐந்து மில்லிமீட்டரில் ஆறு வளையங்கள் அனுப்புகிறேன். இதற்கு மேல் போனால் எண்கள் ஒன்றை ஒன்று தொடும்.

அந்தப் பன்னிரண்டு லென்ஸ் செய்தியை அவரிடம் சொன்னேன். "அப்ப ஒரு ரூம் எடுத்துக்க, சாப்பாட்டு மேசையில எத்தன நாள்" என்றார். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

கொள்ளேகாலுக்குப் போகும்போது ரத்தம் கொடுத்துப் பார். வெறும் வயிற்றில்.

ஸ்ரீதேவி


கோபிநத்தம்
9.2.2025

அம்மிணிக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. பாறை சுடுகிறது. கதாநாயகிக்கு ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் பாறையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எனக்கு யாரும் ஊற்றுவதில்லை.

எண்கள் நன்றாக இருக்கின்றன.

50-ஐத் திருப்பி அனுப்புகிறேன். உள்ளே பூஞ்சை. வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், கறுப்பு நூல் மாதிரி ஒன்று. இடது ஓரத்தில் தொடங்குகிறது. சுருண்டிருக்கிறது. லென்ஸை அசைத்தால் மெல்ல நகர்கிறது, நிறுத்திய பிறகும் கொஞ்சம் நகர்ந்துவிட்டு நிற்கிறது. நம்ம லைட்மேன் மல்லப்பனிடம் காட்டினேன். அவர் கண்ணை இடுக்கி ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"ஏனூ காணல்ல, ஒண்ணும் தெரியலய்யா. கண்ணாடி சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாருய்யா."

"உன் தங்கச்சி பண்ணினதுல குத்தம் கண்டுபிடிச்சா உனக்கு ஏதாச்சும் போனஸ் தராங்களா?"

மல்லப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. விளக்கைப் பார்த்துப் பார்த்துக் கண் போய்விட்டது, பாவம்.

திறந்து துடைத்து அனுப்பு. உனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்றுதான் சாரிடம் சொல்லவில்லை.

அண்ணன்


மைசூர்
17.2.2025

அண்ணனுக்கு,

எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. உன்னைப் பற்றி நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும்.

50-ஐத் திறந்தேன். ஆறு கண்ணாடிகளையும் தனித்தனியே எடுத்து விளக்கின் முன் வைத்துப் பார்த்தேன். நூல் இல்லை. பூஞ்சை இல்லை. ஒரு தூசு இருந்தது, அதை ஊதினேன். அவ்வளவுதான். மூடி, எண்களைச் சரிபார்த்து, அப்படியே அனுப்புகிறேன்.

இதுவரை நூறு லென்ஸுக்கு மேல் திறந்திருக்கிறேன். பூஞ்சை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வளரும், சிலந்தி வலை மாதிரி. அது இருந்த இடத்தில் இருக்கும். பூஞ்சை நகராது, அண்ணா.

அம்மா கடைசி வருஷம் கொசு ஓட்டிக்கொண்டே இருந்தாள். காற்றில், முகத்துக்கு முன்னால். வீட்டில் கொசுவே இல்லை. நான் கொசுவத்தி வாங்கி வந்தேன். நீ ஜன்னலுக்கு வலை அடித்தாய். எட்டு மாதம் கழித்து டாக்டர் சொன்னார், சுகர் கண்ணுக்குள் போய் ரத்தம் கசிகிறது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று.

இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஸ்ரீதேவி


மைசூர்
5.3.2025

அண்ணனுக்கு,

கெம்பையன் இரண்டு முறை வந்து போனான். கடிதம் இல்லை.

"அண்ணா சென்னாகித்தாரெ அக்கா, நல்லாருக்காரு. சாப்புடறாரு, தூங்கறாரு. மத்தியானத்துல பெட்டி மேல குந்திகிட்டு ஒரு கண்ண மூடி ஆத்தப் பாக்கறாரு. அப்புறம் இன்னொரு கண்ண மூடிப் பாக்கறாரு. டைரக்டர் ஆகப் போறாரோ என்னவோ" என்றான்.

நீளமான பதில் வேண்டாம். டாக்டரைப் பார்த்தேன், அல்லது பார்க்கவில்லை. ஒரு சொல் போதும்.

ஸ்ரீதேவி


கோபிநத்தம்
12.3.2025

ஸ்ரீதேவிக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. உனக்கும் ஒன்றும் இருக்காது.

நீ டாக்டர் இல்லை. நான் அம்மா இல்லை. பதினாறு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். இருட்டில், மழையில், ஓடும் ஜீப்பில். என் கண் எனக்குத் தெரியும்.

50 இப்போது பரவாயில்லை. 85-ல் பிரச்சினை. நிற்கும் ஷாட்டில் சரியாக இருக்கிறது, ஆள் நடந்து வந்தால் முகம் கலங்கிவிடுகிறது. வளையம் ஒன்று சொல்கிறது, உள்ளே கண்ணாடி வேறு இடத்தில் நிற்கிறது. திருகு மரைக்குள் ஆட்டம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதிலும் அதே நூல் வேறு. உன் மேசையில்தான் எங்கேயோ பூஞ்சை இருக்கிறது, பார்.

சாரும் உனக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறார். நான் படிக்கவில்லை. லென்ஸைத் திறந்து, இருப்பதை இருக்கிறபடி அவருக்கு எழுது.

சுரேந்தர்


அதே பெட்டியில் இருந்தது
12.3.2025

ஸ்ரீமதி ஸ்ரீதேவிக்கு நமஸ்காரம்.

தாங்கள் க்ஷேமமென நம்புகிறேன். தமிழ் எனக்கு வீட்டில் பேசுவதோடு சரி, எழுதிப் பழக்கமில்லை. பிழையிருந்தால் பொறுக்கவும்.

ஆற்றங்கரையில் நாலு நாள் எடுத்தது வீணாகிவிட்டது. கதாநாயகி நடந்து வரும் ஷாட் எல்லாம் கலங்கியிருக்கிறது. இங்குள்ள சிறிய மானிட்டரில் சந்தேகமாக இருந்தது. பெங்களூரில் பெரிய திரையில் போட்டபோது நிச்சயமாகிவிட்டது. எல்லாம் 85-ல் எடுத்தவை.

லென்ஸுக்குள் ஆட்டம் என்று சுரேந்தர் சொல்கிறார். இருக்கலாம். ஆட்டம் ஒரு சமயம் தெரியும், ஒரு சமயம் தெரியாது, இங்கே வைத்து எனக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. திறந்து பார்க்கக்கூடியவர் தாங்கள் ஒருவர்தான்.

சுரேந்தர் பதினோரு வருஷமாக என்னோடு இருக்கிறார். ஆனால் தப்பு லென்ஸில் இல்லை என்றால் நான் வேறு ஆளை வைத்தாக வேண்டும். தயாரிப்பாளர் கேட்கிறார். தாங்கள் எழுதுவதையே நான் முடிவாக எடுத்துக்கொள்கிறேன். தமையனார் என்று பார்க்காமல் எழுதவும்.

ஸாரங்க்


மைசூர்
16.3.2025
(அனுப்பவில்லை)

ஸாரங்க் சாருக்கு வணக்கம்.

நீங்களும் உங்கள் யூனிட்டும் நலமாக இருக்க வேண்டும்.

85-ஐ மூன்று நாள் சோதித்தேன். மரையில் ஆட்டம் இல்லை. அளவு மானியை வைத்து முன்னும் பின்னும் இருநூறு முறை திருப்பினேன், ஒவ்வொரு முறையும் கண்ணாடி அதே இடத்தில் வந்து நின்றது. எண்கள் சரி. பூஞ்சை இல்லை. நான் செய்த லென்ஸ்களில் மிகச் சரியானது இதுதான்.

என் அண்ணனுக்குக் கண்


மைசூர்
16.3.2025

ஸாரங்க் சாருக்கு வணக்கம்.

நீங்களும் உங்கள் யூனிட்டும் நலமாக இருக்க வேண்டும்.

85-ஐத் திறந்து பார்த்தேன். மரையில் ஆட்டம் இருந்தது. கியர் வளையம் போடும்போது நான் செய்த தவறு. ஃபோகஸ் புல்லர் யாராக இருந்தாலும் இந்த லென்ஸில் முகம் கலங்கியிருக்கும். சரிசெய்து அனுப்புகிறேன். உங்கள் நாலு நாளுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அடுத்த படத்தின் லென்ஸ்களை வேறு யாரிடமாவது கொடுப்பதுதான் நியாயம்.

ஸ்ரீதேவி


கோபிநத்தம்
27.3.2025

அம்மிணி ஸ்ரீதேவிக்கு,

அண்ணன். நன்றாக இருக்கிறேன். உண்மையாகவே. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? நான் போன கடிதத்தில் கேட்கவே இல்லை. முகம் பார்த்துப் பேசியிருந்தால் அப்படியெல்லாம் எழுதியிருக்க மாட்டேன்.

சார் உன் கடிதத்தை எல்லோர் முன்னாலும் படித்தார். மடித்துப் பையில் வைத்தார். "சரி, வேலையப் பாருங்கோ" என்றார். அவ்வளவுதான். நான் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மல்லப்பன் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அளுவற மூஞ்சிய வெச்சுகிட்டு சிரிக்காதய்யா, பாக்க பயமா இருக்கு" என்றார்.

உன்மேல் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். உன் தவறுக்காக இரண்டு மாதம் என் கண்ணையே நம்பாமல் இருந்தேன். யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தேன். நீ அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு மலைமேல் ஏறி, டவர் கிடைத்த இடத்தில் நின்று, மைசூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஏப்ரல் நாலு என்று நாள் கொடுத்தார்கள். மல்லப்பனுக்கு மட்டும் தெரியும். சார் உன் கடிதத்தைப் படித்த அன்று மறுபடியும் மலை ஏறினேன். ஏப்ரல் நாலு முழுநாளும் ஷூட்டிங், ஒரு வாரமாகப் புகையில் வேலை, இடது பக்கம் புகை கண்ணிலேயே தங்கிவிட்டது போல இருக்கிறது, அதற்கெல்லாம் போய் யாராவது லீவு கேட்பார்களா? அந்த நாளை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இறங்கும்போது கால் தரையில் படவில்லை, அவ்வளவு லேசாக இருந்தது.

அடுத்த படத்துக்கும் நான்தான். சார் சொல்லிவிட்டார். லென்ஸ் பம்பாயிலிருந்து வருகிறது. உன் பெயரை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

நீ அனுப்பிய 85 இப்போது பிரமாதமாக இருக்கிறது. நூல்கூட இல்லை என்றே சொல்லலாம்.

அண்ணன்


மைசூர்
29.3.2025

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உன் கையில் தருகிறேன். எதிரில் உட்கார்ந்திருப்பேன். வாயால் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவேன், நீயும் 'அப்புறம்' என்பாய். அதனால் படி. எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

நான் ஸாரங்க் சாருக்கு எழுதியது பொய். 85-ல் ஆட்டம் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. நான் எதையும் சரிசெய்யவில்லை. மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். துடைத்தேன். அனுப்பினேன். பிரமாதமாக இருக்கிறது என்று நீ எழுதியது அதே லென்ஸ்.

உனக்கு வேலை போகக்கூடாது என்று எழுதினேன். அதை எழுதும்போது எதுவும் தோன்றவில்லை. தியாகம் செய்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. ஒட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சோறு வடித்தேன். நீ மலை ஏறுவாய் என்று எனக்குத் தெரியாது. நாள் வாங்க ஒரு முறை ஏறியதும் தெரியாது, அதை வேண்டாம் என்று சொல்ல மறுபடி ஏறியதும் தெரியாது.

உன் கடிதத்தைக் காலையில் படித்தேன். இடது பக்கப் புகை என்ற இடத்தை நாலு முறை படித்தேன். அவர் வந்து, "என்னாச்சு, அண்ணனுக்கு என்னவாம்?" என்றார். அப்போதுதான் நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நாலாம் தேதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் சொன்னேன், சுகர் குடும்பம், நூல் தெரிகிறது, இப்போது புகை தெரிகிறது என்று. அவள் குரல் மாறியது. "காத்துக்கிட்டு இருக்காதீங்க மேடம். செவ்வாய்க்கிழமை காலையில கூட்டிட்டு வந்து உக்காருங்க. நாள் இல்லாட்டியும் டாக்டர் பாப்பாரு" என்றாள். அம்மாவிடம் யாரும் இப்படிச் சொல்லவில்லை. அம்மாவுக்காக யாரும் போன் செய்யவில்லை.

ஸாரங்க் சாருக்கும் ஒரு கடிதம் கொண்டுவருகிறேன். லென்ஸ் சரி, முன்பு எழுதியது பொய் என்று நாலு வரி. அதற்குப் பிறகு உனக்கு இந்த வேலை இருக்காது. எனக்கும் யாரும் லென்ஸ் தரமாட்டார்கள், ஒரே மாதத்தில் இரண்டு கதை சொன்னவள் நான். நீ என்னை மன்னிக்க வேண்டியதில்லை. வேனில் மைசூர்வரை என்னோடு பேசாமலே வரலாம்.

இதையும் நீ நம்பமாட்டாய். அதனால் ஒரு படம் வைத்திருக்கிறேன். உன் 85 இங்கே இருந்தபோது அதை வைத்து நான் எடுத்தது. கௌரம்மா மாடியில் கொடியை நோக்கி நடந்து வருகிறார், கையில் ஈரத் துண்டு. நடந்து வரும்போதுதான் எடுத்தேன். வளையத்தை நானே திருப்பினேன், ஆறடி, ஐந்தடி, நாலரை. துண்டில் பிரிந்த இழைகளை எண்ணலாம்.

எனக்கு இழை தெரிகிறது. உனக்கு என்ன தெரிகிறது என்று என்னிடம் சொல்லாதே, நீ பொய் சொல்வாய், நானும் அப்படித்தான். மல்லப்பனைக் கூப்பிடு. படத்தை அவர் கையில் கொடு. இழைகள் எத்தனை என்று அவரைக் கேள்.

அவர் எண்ணி முடித்ததும் எழுந்து வா. கெம்பையனிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை திரும்பும்போது பெட்டி ஏற்ற வேண்டாம், ஆள் ஏறுவார் என்று.

ஸ்ரீதேவி